ஓர் உண்ணிக்குள் எத்தனை வைரஸ்?

சென்ற மாதம் மாட்டுக் கொட்டிலில் உண்ணி மருந்து அடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, வைரஸைப் பற்றிக் கேட்டிருந்தன. மாட்டுண்ணியில் நூற்றுக்கணக்கான வைரஸ்கள் இருப்பதாக ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். சரி, இந்த மாதம் முழுக்க உண்ணியைப் பற்றியே பேசிவிடுவோம்.

ஐயா, ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சாயங்காலம் பால் கறப்பதற்கு முன் உண்ணியைக் கையால் பிடுங்கி, நகத்தால் நசுக்கிப் போடுவது வழக்கம். அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து மாடுகளை விற்றுவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
— வாசகி, ஆனைமலை

மாடுகளை விற்க வேண்டாம் அம்மா. நகத்தால் நசுக்குவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மகன் காட்டிய செய்தியில் உண்மை இருக்கிறது. முன்பெல்லாம் ஓர் உண்ணியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அதை அரைத்து எலிக்குஞ்சின் மூளையில் ஊசி போட்டு, குஞ்சு நோயில் விழுகிறதா என்று காத்திருப்பார்கள். விழுந்தால்தான் வைரஸ் கணக்கில் வரும். இப்போது அப்படி இல்லை. உண்ணியை அரைத்து, அதிலுள்ள மரபுப்பொருள் முழுவதையும் கருவியில் போட்டு எழுத்தெழுத்தாகப் படித்துவிடுகிறார்கள். 2023இல் சீன ஆய்வாளர்கள் 31 வகை உண்ணிகளை இப்படிப் படித்து, 1,801 வைரஸ் மரபுத்தொகுதிகளை வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி அதுவரை யாரும் பார்த்திராதவை. மகன் படித்தது இப்படி ஓர் ஆய்வைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலைக் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி படிக்க வேண்டும். யார் யார் வந்தார்கள் என்று நோட்டு சொல்லும். தாய்மாமன் யார், பந்தியில் உட்கார்ந்துவிட்டு அப்படியே போனவர் யார் என்று சொல்லாது. உண்ணியில் தென்படும் வைரஸ்களில் பல உண்ணிக்கே சொந்தமானவை. தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே வாழ்பவை, மாட்டையோ மனிதரையோ தொடாதவை. சில, உண்ணி குடித்த மாட்டு இரத்தத்தோடு வயிற்றுக்குள் வந்தவை. இன்னும் சில வைரஸே அல்ல. எப்போதோ ஒட்டிக்கொண்டு உண்ணியின் மரபணுவிலேயே கலந்துபோன பழைய துண்டுகள். இவற்றையெல்லாம் கழித்தால் நோய் தருபவை என்று தெரிந்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் சில மிகக் கொடியவை. கையால் நசுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது அவற்றுக்காகத்தான்.

என் பாட்டி உண்ணி பிடுங்கும்போது பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி வைத்திருப்பார். அதில் பாதி மண்ணெண்ணெய் இருக்கும். பிடுங்கியது எல்லாம் அதற்குள் போகும். வைரஸ் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. கீழே விழுந்த உண்ணி திரும்ப வரும் என்பது தெரியும். இரத்தம் குடித்துக் கொட்டைமுத்து மாதிரி பருத்த பெண் மாட்டுண்ணி ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். அதைத் தரையில் விட்டால் சுவர் வெடிப்புக்குள் போய் முட்டையிடும். நசுக்கினாலோ உள்ளே இருப்பது விரலில் படும், நகக்கண்ணில் இருக்கும் கீறலில் இறங்கும். 1989இல் அந்தியூர்ப் பக்கம் ஒரு பட்டியில் பர்கூர் மாட்டின் காதிலிருந்து எடுத்த உண்ணியை நான் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். அது வெடித்து நேராக என் கண்ணில் தெறித்தது. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2011இல் குஜராத்திலிருந்து வந்த செய்தியைப் படித்தபோது (கீழே சொல்கிறேன்) அந்த நாள் நினைவுக்கு வந்து கை நடுங்கியது.

மருந்துக்கடையில் ரப்பர் கையுறை வாங்குங்கள். புருவம் திருத்தும் சின்ன இடுக்கி போதும். உண்ணியின் உடம்பைப் பிடிக்காமல், தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ போடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பால் கறக்கப் போங்கள். மடி, தொடை இடுக்கு, வாலடி, காதின் உட்புறம், இந்த நான்கு இடங்களைத் தினமும் பார்த்தால் போதும். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்துவிடுங்கள். கோழி இருந்தால் கொட்டிலில் மேயவிடுங்கள், அது நன்றாகப் பொறுக்கும்.

உண்ணிக்குள் ஏன் இத்தனை வைரஸ்? அவ்வளவு சின்ன உயிரில் எப்படித் தங்குகின்றன?
— கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

தம்பி, அது வாழும் விதத்தைப் பாருங்கள். முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சாக வெளிவருகிறது. ஒரு முறை இரத்தம் குடித்துத் தோலுரித்தால் எட்டுக் கால் இளம் உண்ணி. இன்னொரு முறை குடித்துத் தோலுரித்தால் முழு உண்ணி. சில இனங்கள் இந்த மூன்று பருவத்தையும் ஒரே மாட்டின் மேல் மூன்று வாரத்தில் முடித்துவிடும். நம் மாடுகளில் மிக அதிகமாகப் பார்க்கும் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் அப்படிப்பட்டது. வேறு சில இனங்கள் ஒவ்வொரு பருவத்திலும் கீழே இறங்கி வேறு உயிரைத் தேடும். குஞ்சில் எலி, இளமையில் குரங்கு அல்லது மனிதர், வளர்ந்ததும் மாடு என்று போகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வைரஸை வாங்கவோ கொடுக்கவோ வாய்ப்பு இருக்கிறது. நடுவில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. உள்ளே இருக்கும் வைரஸும் அத்தனை நாளும் காத்திருக்கும். பல வைரஸ்கள் தோலுரிப்பைத் தாண்டியும் நிலைக்கும், சில முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும், ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இரண்டு உண்ணிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாலே போதும், ஒன்றின் வைரஸ் தோல் வழியாக மற்றதற்குப் போய்விடும். மாட்டின் இரத்தத்தில் வைரஸ் பெருக வேண்டிய அவசியமே இல்லை. அதனால் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியாத மாட்டின் மேல்கூட வைரஸ் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

வகையும் விசித்திரமானது. 2014இல் சீனாவின் ஜிங்மென் பகுதி உண்ணிகளில் ஒரு வைரஸை விவரித்தார்கள். டெங்கு வைரஸின் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் மரபுப்பொருள் ஒரே நீள இழை. இதற்கோ நான்கு துண்டுகள். அதில் இரண்டு டெங்குக் குடும்பத்தின் மரபணுக்களை ஒத்திருக்கின்றன, மற்ற இரண்டு அந்தக் குடும்பத்தில் எதையும் ஒத்தவை அல்ல. அதன் நெருங்கிய உறவினரைப் பிரேசிலின் மாட்டுண்ணிகளிலும் கண்டார்கள். அதுவும் நான் மேலே சொன்ன அதே மைக்ரோபிளஸ் உண்ணிதான். ஜிங்மென்னின் இன்னொரு உறவினரான அலோங்ஷான் வைரஸ், 2017இல் வடகிழக்குச் சீனாவில் உண்ணி கடித்துக் காய்ச்சலில் படுத்தவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. நீங்கள் படித்து முடித்து வேலைக்கு வரும்போது இந்தப் பெயர்கள் உங்கள் மேஜைக்கு வரும். இப்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

நாற்பது வெள்ளாடு, இருபது செம்மறி. ஆட்டு உண்ணியில் தனி வைரஸ் உண்டா?
— வாசகர், பென்னாகரம்

உண்டு. அதன் கதையில் நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயரும் இருக்கிறது.

1954இல் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆடுகள் பின்னங்கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. அந்த ஆடுகளின் மேலிருந்த ஹீமாஃபைசாலிஸ் இன்டர்மீடியா என்ற உண்ணிகளைச் சேகரித்து ஆராய்ந்ததில் ஒரு வைரஸ் கிடைத்தது. மாவட்டத்தின் பெயரிலேயே அதற்குக் கஞ்சம் வைரஸ் என்று பெயரானது. அதே ஆண்டு அதே மாவட்டத்தில் பஞ்சநகரில், அதே இன உண்ணியில் முற்றிலும் வேறொரு வைரஸ் கிடைத்தது. அது பஞ்சா வைரஸ். ஒரு மாவட்டம், ஓர் ஆண்டு, ஓர் இன உண்ணி, இரண்டு வைரஸ். எலிக்குஞ்சில் ஊசி போட்டுப் பார்த்த காலத்திலேயே இவ்வளவு!

இதில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 1910இல் கென்யாவின் நைரோபியில் செம்மறிகள் கூட்டங்கூட்டமாகக் கழிந்து செத்தன. அந்த நோய்க்கு நைரோபி செம்மறி நோய் என்று பெயர். பல பத்தாண்டுகள் கழித்து மரபுத்தொகுதியை ஒப்பிட்டபோது, நைரோபியும் கஞ்சமும் ஒரே வைரஸின் இரண்டு வடிவங்கள் என்று தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். ஆட்டு வணிகத்தோடு அது கடல் கடந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் விடாதீர்கள். தனியாகக் கட்டி, உண்ணி பார்த்து, மருந்து போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சேருங்கள். வேறு பகுதியிலிருந்து வந்த செம்மறிகள் கடும் காய்ச்சலோடு இரத்தம் கலந்து கழிந்தால், கொட்டிலில் வைத்துக் கைவைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

எங்கள் மாடுகள் காட்டோரம் மேய்கின்றன. குரங்குக் காய்ச்சல் மாட்டால் வருமா? செத்த குரங்கைப் பார்த்தால் என்ன செய்வது?
— தோட்டத் தொழிலாளி, கூடலூர்

கூடலூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்லும் காட்டோரம் எனக்குத் தெரியும்.

இந்தக் காய்ச்சலின் பிறப்பிடம் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காடு. 1957இல் அங்கே குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்துக் கிராமத்து மக்கள் காய்ச்சலில் படுத்தார்கள். ஆசியாவில் அதுவரை இல்லாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தார்கள். புனேயிலிருந்து போன வைரஸ் ஆய்வு மையத்தினர் அது புதிய வைரஸ் என்றும், ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டுண்ணியால் பரவுகிறது என்றும் கண்டார்கள். கன்னடத்தில் மங்கன காயிலே, குரங்கு நோய். நெடுங்காலம் அந்தச் சுற்றுவட்டாரத்தோடு நின்றது. 2012-13இல் பந்திப்பூரிலும் நம் நீலகிரிக் குரங்குகளிலும் தெரிந்தது. பிறகு வயநாட்டிலும் மனிதர்களுக்கு வந்தது.

மாடு இதில் குற்றவாளி அல்ல. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை, மாட்டிலிருந்து நமக்கு நேராகவும் பரவுவதில்லை. ஆனால் வளர்ந்த பெண் காட்டுண்ணிக்கு மாடுதான் நல்ல விருந்து. மாட்டு இரத்தம் குடித்துப் பருத்தால்தான் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். காட்டில் மாடு மேய மேய உண்ணி பெருகும். நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இளம் உண்ணி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. டிசம்பர் முதல் மே வரைதான் அதற்குப் பருவம்.

குரங்கு செத்தால் உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் அத்தனையும் அங்கேயே இறங்கிவிடும். அந்த இடம் முழுக்க நோய் சிதறிக் கிடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போகாமல் வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். அங்கே மாடு விடாதீர்கள். அந்தப் பக்கத்துச் சருகை அள்ளி வந்து மாட்டுக்கு மெத்தையாகப் போடாதீர்கள், கர்நாடகத்தின் மலநாட்டுப் பகுதியில் பலருக்கு நோய் வீட்டுக்குள் வந்தது சருகோடுதான். விறகுக்கோ மேய்ச்சலுக்கோ போனால் முழுக்கால் சட்டை, அதன் அடிப்பகுதி காலுறைக்குள். வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் ஊறப்போடுங்கள். பழைய தடுப்பூசி 2022லிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகவே இந்தப் பழக்கங்கள்தான் இப்போது காவல். திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்புவலி வந்தால், காட்டுக்குப் போனேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். தோல் உரிக்கும்போது உண்ணி கையில் ஏறும். ஆபத்தா?
— வாசகர், வாணியம்பாடி

ஐயா, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு அதிகக் கவலை தந்தது உங்களுடையதுதான்.

2011 ஜனவரியில் குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்துக் கோலாட் கிராமத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சலோடும் இரத்தக் கசிவோடும் மருத்துவமனைக்கு வந்தார். அவர் இறந்தார். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் இறந்தார். செவிலியரும் இறந்தார். கிரிமியன் காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்தியாவில் உறுதியானது அப்போதுதான். 1944இல் கிரிமியாவில் படைவீரர்களிடம் முதலில் பார்த்த நோய், 1956இல் காங்கோவில் எடுத்த வைரஸ், இரண்டும் ஒன்றே என்று பின்னால் தெரிந்ததால் இந்த இரட்டைப் பெயர். வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை இறக்கிறார்கள்.

இதைச் சுமப்பது ஹையலோமா உண்ணி. கால்களில் வெள்ளைப் பட்டை இருக்கும், வேகமாக ஓடும், ஆளைக் கண்டால் தேடி வரும். ஆட்டையோ மாட்டையோ கடித்தால் அவற்றுக்கு ஒரு வாரம்போல இரத்தத்தில் வைரஸ் இருக்கும். ஆனால் வெளியில் ஓர் அறிகுறியும் இருக்காது. நல்ல ஆடு என்றுதான் நீங்கள் வாங்குவீர்கள். அந்த ஒரு வாரத்துக்குள் அறுத்தால் அந்த இரத்தத்தில் வைரஸ் இருக்கும். இந்தியாவின் பல மாநிலங்களில் கால்நடை இரத்தத்தில் இந்த வைரஸின் தடம் தெரிந்திருக்கிறது.

அறுக்கும்போது கையுறையும் முழங்கைவரை மறைக்கும் உடையும் போடுங்கள். கண்ணில் இரத்தம் தெறிக்காதபடி ஒரு கண்ணாடி. உண்ணி ஏறினால் தட்டிவிடவோ நசுக்கவோ வேண்டாம், இடுக்கியால் எடுங்கள். அறுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஆட்டுக்கு உண்ணி நீக்கி, உண்ணி இல்லாத இடத்தில் கட்டிவைக்க முடிந்தால் மிக நல்லது. பக்ரீத் நேரத்தில் வெளியூர் ஆடுகள் குவியும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். வாங்கிச் சமைப்பவர்களுக்குப் பயமில்லை. வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது.

போன மாதம் என் மனைவிக்கு உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். எங்கள் மாட்டிலிருந்து வந்ததா?
— வாசகர், செங்கம்

இல்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைத் தருவது பாக்டீரியா, வைரஸ் இல்லை. கடிப்பதும் மாட்டுண்ணி அல்ல, புதரில் இருக்கும் ஊசிமுனை அளவுச் சிற்றுயிரின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கலாம். நேரத்தில் கண்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். பெயர் ஒன்றாக இருப்பதால் எத்தனையோ வீடுகளில் மாட்டின் மேல் பழி விழுகிறது.

வெள்ளாட்டுப் பாலைக் கறந்த சூட்டில் பச்சையாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?
— வாசகி, மணப்பாறை

காய்ச்சிக் குடியுங்கள். 1951இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ரோஷ்ணாவா நகரில், சரியாகக் காய்ச்சாத பாலால் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்ணி வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆட்டை உண்ணி கடித்தது, வைரஸ் பாலில் இறங்கியது. ஒருவரைக்கூட உண்ணி கடிக்கத் தேவையில்லாமல் ஊரே படுத்தது. அந்த வைரஸ் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இருப்பது. ஆனால் நம் ஊர்ப் பச்சைப்பாலில் புருசெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது, அது ஒன்றே போதும் காய்ச்சுவதற்கு.

மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்ததும் உண்ணியால்தானா?
— வாசகர், உத்திரமேரூர்

முக்கியமாக ஈ, கொசு. 2019இல் ஒடிசாவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது கடிக்கும் பூச்சிகளாலும் மாடுகளை ஏற்றி இறக்கியதாலும்தான். உண்ணியும் அந்த வைரஸைச் சுமக்க முடியும் என்று ஆப்பிரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உண்ணியால் நம் மாடுகள் சாவது வைரஸைவிடத் தைலீரியா, பபீசியா, அனபிளாஸ்மா ஆகிய இரத்தக் கிருமிகளால்தான் அதிகம். மாடு காபித்தண்ணி நிறத்தில் சிறுநீர் கழித்தால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வைரஸ் உள்ளே இருந்தால் உண்ணிக்குக் காய்ச்சல் வராதா? நான் ஓர் உண்ணியைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.
— ஏழாம் வகுப்பு மாணவி, ஊத்தங்கரை

எவ்வளவு நல்ல கேள்வி, கண்ணு! பெரும்பாலும் வராது. உண்ணிக்கும் நோய் எதிர்ப்பு இருக்கிறது. வைரஸின் மரபு இழையை அடையாளம் கண்டு துண்டுதுண்டாக வெட்டும் ஓர் ஏற்பாடு அதன் உடம்பில் உண்டு. அது வைரஸை ஒழித்துக்கட்டாது, அளவுக்கு மீறாமல் வைத்திருக்கும். வைரஸுக்கும் உண்ணி சாகக் கூடாது, அதுதானே அதன் வண்டி. இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றாகவே பழகிவிட்டன.

தீப்பெட்டி வேண்டாம், அதன் இடுக்கில் வெளியே வந்துவிடும். அப்பாவிடம் சொல்லி இடுக்கியால் எடுத்து, இறுக்கமான மூடி உள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் போடச் சொல். பூதக்கண்ணாடி வைத்துக் கால்களை எண்ணிப் பார். ஆறு இருந்தால் குஞ்சு. எட்டு இருந்தால் இளசு அல்லது முழு உண்ணி. எத்தனை என்று எனக்கு எழுது, முதுகில் ஏதாவது கோலம் தெரிந்தால் அதை வரைந்தும் அனுப்பு.